துணி நுழையாத ராக்கை வாங்காதீர்கள்: கடலோரத்தில் மளிகைக் கடை போடுகிறவர்களுக்கு

2024 தை மாதம் நானும் தம்பியும் கடலூரில், தேவனாம்பட்டினம் போகும் வழியில் ஒரு மளிகைக் கடை போட்டோம். பத்தடி அகலம், இருபத்தைந்தடி நீளம். கடைக்கும் கடலுக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. சரக்கு அடுக்கும் ராக் வாங்குவதை ஒரு மத்தியான வேலை என்று நினைத்துப் போனோம். இருப்பதிலேயே வெள்ளையாகவும் விலை குறைவாகவும் தெரிந்த பதினொன்றை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஐப்பசி வருவதற்குள் தட்டுகளின் மடிப்பில் துரு கிளம்பிவிட்டது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அந்த மழையில் கடைக்குள் ஓரடித் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு ராக்கின் அடியிலிருந்து நாற்றம். முன்பக்க அடிப்பட்டையைக் கழற்றலாம் என்றால் நாலு ஸ்க்ரூவும் துருவோடு இறுகிப்போய் அசையவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துப் பட்டறைக்காரர் கட்டர் வைத்து அறுத்தார். உள்ளே செத்த எலி, கிழிந்த மைதா பாக்கெட், ஒரு கைப்பிடி கரப்பான் எச்சம். பத்து மாதமாக அந்த ராக்குக்கு முன்னால் தினமும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பட்டைக்குப் பின்னால் ஒருநாளும் துணி போனதில்லை, போகவும் வழியில்லை.

2025 ஆனியில் எல்லாவற்றையும் மாற்றினோம். இரண்டு தடவை செலவு செய்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் ஒரே தடவையில் முடித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் தரையையும் சுவரையும் பாருங்கள்

ராக் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் கடைக்குள் டேப்போடு ஒரு மணி நேரம் செலவழியுங்கள். அளவு மட்டும் எடுத்தால் போதாது. சுவரில் கையை வைத்துப் பாருங்கள், ஈரம் தெரிகிறதா, உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்கிறதா என்று. கடலூரிலும் புதுச்சேரியிலும் பழைய கட்டடங்களில் இடுப்பு உயரம் வரை இப்படி இருக்கும். அந்தச் சுவரில் ராக்கை ஒட்டி வைத்தால் பின்பக்கம் முதல் மழையிலேயே போய்விடும்.

பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "2015லயும் 2024 ஃபெஞ்சலுக்கும் இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" நான் கேட்காமல் விட்டது இது. அவர் காட்டும் உயரத்துக்கு மேலே உங்கள் முதல் தட்டு வந்தால் நல்லது. அது முடியாத இடமாக இருந்தால், கீழ்த்தட்டை ஐந்து நிமிடத்தில் காலி செய்து கழற்ற முடிய வேண்டும்.

தரை சாய்வையும் பாருங்கள். கழுவிவிட்ட தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறதோ, அந்த மூலையில் ராக்கின் கால் வரக்கூடாது.

வாடகைக் கடை என்றால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: சுவரில் துளை போட அனுமதி உண்டு, ராக்குகள் வாடகைதாரருடையவை, காலி செய்யும்போது எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பேச்சாக விட்டால் அட்வான்ஸ் திரும்ப வாங்கும் அன்று பிரச்சினை வரும்.

2. சரக்கைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் நாலு தலைப்பு போடுங்கள்: காய்ந்த சரக்கு, எண்ணெய் வகை, ஈரமும் உப்பும், சோப்பு வகை. எந்தத் தட்டு வேண்டும் என்பதை இந்தத் தாள்தான் சொல்லும்.

பருப்பு, மாவு, பிஸ்கட் பாக்கெட்டுகளுக்குத் துளையில்லாத சமதட்டு போதும். எண்ணெய்க்கு விளிம்பு அரை அங்குலம் எழும்பிய தட்டு வேண்டும். பாக்கெட் ஒன்று கசிந்தால் கீழே இருக்கும் நாலு தட்டுச் சரக்கும் போகாமல் அந்த விளிம்பு காப்பாற்றும். வெங்காயம், உருளைக்கு ராக்கே வேண்டாம். பிளாஸ்டிக் கிரேட்டில் போட்டு ஸ்டாண்டில் வையுங்கள். காற்றோட்டமும் இருக்கும், கிரேட்டை வெளியே தூக்கிக் குழாயடியில் கழுவலாம்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லுப்புப் பாக்கெட் நம் ஊர்க் காற்றில் கசிந்துகொண்டே இருக்கும். என் பழைய ராக்குகளில் முதலில் ஓட்டை விழுந்தது உப்பு வைத்த தட்டில்தான். எந்த உலோகத் தட்டிலும் உப்பை நேராக வைக்காதீர்கள். உணவுப் பொருளுக்கான கனமான பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, தொட்டியைத் தட்டின்மேல் வையுங்கள். புளி, வெல்லத்துக்கும் இதே முறைதான்.

சோப்பு, பினாயில், கொசுவர்த்தி, எலி மருந்து இவற்றுக்குத் தனி ராக், தனிச் சுவர். அரிசி பினாயில் வாசம் பிடித்தால் அந்த மூட்டையை யாருக்கும் விற்க முடியாது.

எடையையும் எழுதுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட் சுமார் 910 கிராம். மூன்றடித் தட்டில் நாற்பது பாக்கெட் அடுக்கினால் 36 கிலோ. சர்க்கரையை ஒரு கிலோ பாக்கெட்டாக அடுக்கினால் 50 கிலோ தாண்டும். அரிசி மூட்டைகளைத் தட்டில் ஏற்ற வேண்டாம், தரைக்கு ஆறு அங்குலம் மேலே பிளாஸ்டிக் பேலட் போட்டு அதன்மேல் அடுக்குங்கள்.

3. எந்தப் பொருளில் செய்தது?

கடப்பாக்கல்: நம் ஊர்ப் பழைய கடைகளில் சுவரில் பதித்த கடப்பாக்கல் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். துருவும் பிடிக்காது, கரையானும் வராது, துடைக்கவும் சுலபம். சொந்தக் கட்டடம் என்றால் இன்னும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கல்லும் சுவரும் சேரும் இடத்தில் வெடிப்பு விட்டால் அங்கே கரப்பான் குடியேறும், அந்த ஓரம் முழுக்க அடைத்திருக்க வேண்டும். எண்ணெய் சிந்தினால் கல் குடித்துவிடும். வாடகைக் கடையில் போட்டால் பணம் சுவரோடு போய்விடும்.

பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு: பேன்சி கடைக்குச் சரி. மளிகைக்கு வேண்டாம். பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை நனைந்தால் உப்பி விளிம்பு உதிரும். மரம் போட்டே ஆக வேண்டும் என்றால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளை, எல்லா ஓரமும் ஒட்டி மூடியது.

சாதா இரும்பின் மேல் பவுடர் கோட்டிங்: பெரும்பாலும் உங்களுக்குக் காட்டப்போவது இதுதான். கோட்டிங் நன்றாக இருந்தால் நல்ல ராக்தான். பிரச்சினை உள்ளே இருக்கும். தகட்டின் எண்ணெயையும் துருவையும் நீக்கி, பாஸ்பேட் கொடுத்துவிட்டுப் பவுடர் அடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் அடித்தால் ஆறே மாதத்தில் படலம் படலமாக உரியும். 60 முதல் 80 மைக்ரான் கனம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். துரு எப்போதும் வெட்டிய ஓரத்திலும் ஸ்க்ரூ துளையிலும் ஆரம்பிக்கும். தட்டைத் திருப்பி அந்த இடங்களில் பவுடர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சொரசொரப்பான பவுடர் கோட்டிங்கை வாங்காதீர்கள். தகட்டின் மேடு பள்ளத்தை மறைக்க அதைப் போடுவார்கள். மாவுத்தூள் அந்தச் சொரசொரப்பில் உட்கார்ந்தால் துணியால் எடுக்க முடியாது. வழவழப்பாக, வெளிர் நிறத்தில் வாங்குங்கள். கருப்பு ராக்கில் அழுக்கு தெரியாது என்று சொல்லி விற்பார்கள். அழுக்கு தெரிந்தால்தானே துடைப்போம்!

ஜிஐ தகட்டின் மேல் பவுடர் கோட்டிங்: நான் இரண்டாம் முறை வாங்கியது இது. துத்தநாகப் பூச்சு உள்ளே இருப்பதால் மேலே கீறல் விழுந்தாலும் துரு உடனே பரவுவதில்லை. கடற்கரைக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் கடை என்றால் இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: பால், தயிர், இட்லி மாவு, பன்னீர் வைக்கும் இடத்துக்கு மட்டும் போதும். கடை முழுக்கப் போட்டால் பணம் தாங்காது. இங்கேதான் பெரிய ஏமாற்று நடக்கிறது. நான் போன ஒரு பட்டறையில் காந்தத்தை எடுத்து வைத்து, "ஒட்டல பாருங்கக்கா, சுத்தமான 304" என்றார். 304 உயர்ந்த ரகம்தான், ஆனால் விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. இரண்டையும் காந்தத்தால் பிரிக்கவே முடியாது. 304ல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்க்கிறார்கள், விலை குறைகிறது. உப்புக் காற்றில் அது சீக்கிரமே தேநீர்க் கறை மாதிரி பழுப்பு நிறம் பிடிக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சோதனைத் திரவம் இருக்கிறது. ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் நிறம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடலாம். நல்ல பட்டறையில் அவர்களே செய்து காட்டுவார்கள். "அதெல்லாம் எதுக்குக்கா" என்று இழுத்தால் வேறு பட்டறைக்குப் போங்கள்.

304கூட உப்புக் காற்றில் கறையே பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். துடைத்துக்கொண்டே இருந்தால் தாங்கும். வெல்டிங் அடித்த இடத்தில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கும், அதை எடுத்துச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். விட்டால் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

4. கையில் ஒரு துணியோடு போங்கள்

வீட்டில் பாத்திரம் துடைக்கும் துணி ஒன்றையும் ஒரு டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு ராக் பார்க்கப் போங்கள். விற்பவர் விலை சொல்வதற்கு முன்பே அந்த ராக்கை ஒருமுறை முழுக்கத் துடைத்துப் பாருங்கள். மேல், கீழ், பின், கால், பிராக்கெட் மாட்டும் இடம் எல்லாம். துணி எங்கே சிக்குகிறதோ, எங்கே விரல் நுழையவில்லையோ, அங்கே உங்கள் கடையில் அழுக்கு சேரும். நான் இப்படிச் செய்தபோது கடைக்காரர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவரே உள்ளே போய் வேறொரு மாடலை எடுத்துவந்தார்.

முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்:

கால் குழாய். சதுரக் குழாயில் செய்த கால் என்றால் மேலும் கீழும் மூடி இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். என் பழைய ராக் ஒன்றின் மேல் மூடியைப் பிடுங்கி டார்ச் அடித்தபோது, குழாய்க்குள் கரப்பான் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன. வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே ஓடிய சத்தம், மணல் கொட்டுவதுபோல, குழாய்க்குள் கேட்டது. மாதாமாதம் மருந்து அடித்தும் கரப்பான் போகாததற்குக் காரணம் அன்றுதான் தெரிந்தது. துளை போட்ட ஆங்கிளில் (எல் வடிவ இரும்பில்) செய்த காலுக்கு இந்தத் தொல்லை இல்லை, இருபக்கமும் திறந்திருக்கும்.

தட்டின் அடிப்பக்கம். கனம் தாங்க அடியில் பட்டை வெல்டு செய்திருப்பார்கள். அங்கங்கே புள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தால் பட்டைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு கோடு இடைவெளி இருக்கும். முழு வெல்டு அல்லது சிலிகான் அடைப்பு கேளுங்கள்.

அடிப்பட்டை. தரையோடு சேர்ந்து முன்னால் வரும் பட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கால் ஆறு அங்குலம் உயரமாக, அடியில் துடைப்பம் முழுக்கப் போய்வரும்படி திறந்திருக்க வேண்டும். அழகுக்குப் பட்டை வேண்டும் என்றால் கையால் இழுத்தால் கழலும் கிளிப் வகை வாங்குங்கள்.

முதுகுத் தகடு. கொக்கி மாட்டத் துளை போட்ட தகடு அழகாக இருக்கும். அத்தனை துளையிலும் தூசி அடையும். கொக்கியில் தொங்கவிடும் சரக்குக்கு ஒரு ராக் போதும், மற்றதெல்லாம் சமத்தகடு வாங்குங்கள்.

விலைப்பட்டி. தட்டின் முகப்பில் விலைச்சீட்டு செருகும் பிளாஸ்டிக் பட்டி இருக்குமே, அது ஒட்டியதாக இல்லாமல் உருவி எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து உருவிப் பாருங்கள், ஏன் சொன்னேன் என்று தெரியும்.

தட்டு மாட்டும் விதம். ஸ்க்ரூ போட்டு முடுக்கும் ராக்கைக் கழற்றிக் கழுவ யாரும் மெனக்கெட மாட்டோம். பிராக்கெட்டில் உட்காரும் தட்டை ஒருவரே தூக்கி எடுத்துவிடலாம். விற்பவரைக் கழற்றிக் காட்டச் சொல்லாதீர்கள், நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள். கடையில் அதைச் செய்யப்போவது நீங்கள்தான்.

தகட்டின் கனத்திலும் ஏமாறுவோம். "18 கேஜ்" என்று வாயால் சொல்வார்கள், அது சுமார் 1.2 மில்லிமீட்டர். வந்து சேர்வது 0.6 ஆக இருக்கும். அளவுகோல் இல்லையென்றால் தராசு இருக்கிறதே. ஒரு சதுர மீட்டர் பரப்பும் 1 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புத் தகடு 7.85 கிலோ. மூன்றடி நீளம், ஒன்றேகாலடி அகலம் உள்ள தட்டின் பரப்பு சுமார் 0.35 சதுர மீட்டர். 0.8 மில்லிமீட்டர் தகடு என்றால் மடிப்பு இல்லாமலேயே 2.2 கிலோ வர வேண்டும், மடிப்பும் அடியில் வெல்டு செய்த பட்டையும் சேர்ந்தால் இன்னும் கூடும். அவர் 0.8 என்று சொன்ன தட்டு 2 கிலோதான் நிற்கிறது என்றால் பேசவே வேண்டாம். மளிகைக்கு 0.8க்குக் குறையக்கூடாது. அப்புறம் 26 கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தட்டின் நடுவில் வைத்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். நடுவில் தொய்ந்திருந்தால் அது உங்கள் சர்க்கரையைத் தாங்காது.

5. சுவரோடு ஒட்டுவதா, தள்ளி வைப்பதா?

பத்தடி அகலக் கடையில் ஒவ்வொரு அங்குலமும் காசு. ஆனாலும் இதில் நடுவழி கிடையாது. ஒன்று, கையும் துடைப்பமும் போய்வர நாலு முதல் ஆறு அங்குலம் விடுங்கள். இல்லையென்றால் இடைவெளியே இல்லாமல் ஒட்டி வைத்து, ஓரம் முழுக்க சிலிகான் அடைத்துவிடுங்கள். ஒரு அங்குலம் விட்டால்தான் ஆபத்து. உங்கள் கை போகாது, எலி போகும். அரை அங்குல இடுக்கு எலிக்குப் போதும், சுண்டெலிக்கு அதில் பாதி.

ஈரச் சுவரில் ஒட்டி அடைக்கவே கூடாது, தள்ளித்தான் வைக்க வேண்டும். நடு ராக்குகளுக்குப் பிரேக் உள்ள சக்கரம் போட்டால் வாரம் ஒருமுறை நகர்த்திப் பெருக்கலாம்.

6. காகிதங்கள்

முதல் தடவை ராக் வாங்கியபோது, "பில் போட்டா 18 பர்சன்ட் கூட ஆகும்க்கா" என்றார். சரி, பில் வேண்டாம் என்றேன். வெள்ளத்துக்குப் பிறகு கடை இன்சூரன்ஸில் கேட்டபோது சரக்குக்கு ரசீது இருந்தது, ராக்குக்கு இல்லை. ராக்குக்கு ஒரு ரூபாய் வரவில்லை. மிச்சம் பிடித்த ஜிஎஸ்டி 8,280 ரூபாய், போனது 46,000.

வாங்க வேண்டியவை இவை. முதலில் கொட்டேஷன்: அளவு, தட்டு எண்ணிக்கை, தகட்டின் கனம் மில்லிமீட்டரில், ஜிஐயா சாதா இரும்பா, பவுடர் கனம் மைக்ரானில், ஒரு தட்டு தாங்கும் எடை, தரும் தேதி, துருவுக்கு எத்தனை மாத உத்தரவாதம். "ஹெவி டியூட்டி ராக் - 8" என்று மட்டும் எழுதிய கொட்டேஷனைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு அதே விவரத்தோடு ஜிஎஸ்டி பில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு, தகடு வாங்கிய ஆலைச் சான்றிதழின் நகல், பில்லில் "304" என்று எழுத்து.

புதுச்சேரியில் செய்து கடலூருக்குக் கொண்டுவந்தால் முள்ளோடையோடு மாநில எல்லை வந்துவிடுகிறது. அதனால் பில்லில் மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி 18 சதவீதம் போடுவார்கள். கடலூருக்குள் வாங்கினால் மத்திய, மாநில ஜிஎஸ்டி என்று 9 + 9. மொத்தம் ஒன்றுதான், பயப்பட வேண்டாம். ஆனால் மாநிலம் தாண்டும் சரக்கு வரியோடு சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு வண்டியில் போக வேண்டிய இ-வே பில் கட்டாயம். அனுப்புகிறவர் எடுத்துத் தர வேண்டும், வண்டி கிளம்பும் முன் கேட்டு வாங்குங்கள். "ரெண்டு பில்லா பிரிச்சுப் போட்டுடலாம்" என்பார்கள். வழியில் பிடித்தால் அபராதமும் தாமதமும் உங்கள் தலையில்தான் விழும்.

ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறையில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு கடைக்காரர் முறை) இருந்தால் ராக்குக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அதைச் செலவாகவே கணக்குப் போடுங்கள்.

முத்ரா கடன் வாங்குகிறீர்கள் என்றால் 50,000 ரூபாய் வரை சிசு பிரிவு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர். கொட்டேஷனை வங்கியில் கொடுக்க வேண்டியிருக்கும். பட்டறைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் வங்கியில் பேசிவிடுங்கள். எங்களுக்கு வங்கி பணத்தை நேராக விற்பவர் கணக்குக்குத்தான் அனுப்பியது. கையிலிருந்து கொடுத்த முன்பணத்தை அதில் சரிக்கட்ட மூன்று வாரம் அலைந்தோம். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு கேட்டால் அரசுத் தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம், பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

7. செலவு

2025ல் நான் கொடுத்தது இது. விலை மாறும், ஆனாலும் எந்தெந்தச் செலவு வரும் என்று தெரிந்திருக்கட்டும்.

ஏழடி உயரம், மூன்றடி அகலம், ஐந்து தட்டு, ஜிஐ மேல் பவுடர் கோட்டிங், ஒன்று 6,800 ரூபாய். எட்டுக்கு 54,400, வரி 9,792, ஆக 64,192. பால் தயிர் பக்கத்துக்கு 304ல் நாலடி ராக் ஒன்று 19,500, வரி 3,510, ஆக 23,010. கிரேட்டும் தொட்டியும் 3,840. வண்டி வாடகை 1,800. மாட்டுக்கூலி 2,500. சிலிகான் 840. மொத்தம் 96,182 ரூபாய்.

பழைய ராக்குகளில் உருப்படியான நாலை வீட்டுக் குடோனில் வைத்துக்கொண்டோம். மீதியைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டோம். கிலோ 26 ரூபாய்.

மூடிய கடைகளின் பழைய ராக் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் குழாய்க்கால் ராக் வேண்டவே வேண்டாம், இன்னொருவர் கடைக் கரப்பானையும் சேர்த்துத்தான் கொண்டுவருவீர்கள். எந்தப் பழைய ராக்கையும் வெளியில் வெயிலில் பிரித்துப் போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே கடைக்குள் விடுங்கள்.

8. ஆர்டர் எப்போது சொல்ல வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் ராக் மாட்டி, சிலிகான் காய்ந்திருக்க வேண்டும். பட்டறையில் வெட்டி, வெல்டு செய்து, பவுடருக்கு அனுப்பித் திரும்ப வர மூன்று வாரம் சொல்வார்கள், ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயுதபூஜை, தீபாவளி நெருங்கினால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். ஆக ஆனி, ஆடியில் சொல்லிவிடுவது நல்லது. ஆடியில் புதுக்கடை திறப்பது குறைவு என்பதால் பட்டறையிலும் கூட்டம் இருக்காது, நின்று பேசி வாங்கலாம்.

முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். முழுக்கச் செய்யும் முன் ஒரு தட்டு மாதிரி கேளுங்கள். அதை உப்புத்தண்ணீர் நனைத்த துணியில் சுற்றி ஒரு வாரம் வீட்டில் வையுங்கள். ஓரம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியைச் செய்யச் சொல்லலாம்.

9. மாட்டும் அன்று

கடைக்குள் துளை போடும் முன் சரக்கை வெளியேற்றுங்கள், சிமெண்டுத் தூள் மாவுப் பாக்கெட் மேல் விழக்கூடாது. ராக் வந்ததும் இரண்டு தட்டை அங்கேயே எடை போடுங்கள். கீறல் விழுந்ததை அன்றே திருப்புங்கள். காலடியில் பிளாஸ்டிக் புஷ் போட்டிருக்கிறதா பாருங்கள், இரும்பு நேராகத் தரையைத் தொட்டால் தினம் துடைக்கும் ஈரத்திலேயே அரித்துவிடும். உயரம் சரிசெய்யும் புஷ் இன்னும் நல்லது. ஏழடி ராக்கை மேலே ஒரு இடத்திலாவது சுவரோடு கட்டுங்கள். குழந்தைகள் தட்டில் ஏறும்.

10. உணவுப் பாதுகாப்புப் பதிவு

சின்னக் கடை என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு. அவர்களுடைய ஃபாஸ்காஸ் தளத்தில் நாமே எடுக்கலாம். புகைப்படம், அடையாள அட்டை, கடை முகவரிச் சான்று போதும். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம், அதற்கு ஒரு தரகர் 2,000 கேட்டார். ஏழு நாளுக்குள் பதிவு தரலாம், அல்லது பார்வையிட வருகிறோம் என்று சொல்லலாம். எங்களுக்குப் பார்வையிட வந்தார்கள்.

வந்தவர் அழகையெல்லாம் பார்க்கவில்லை. குனிந்து ராக்கின் அடியைப் பார்த்தார். மூட்டை தரையில் இருக்கிறதா, சுவரைத் தொடுகிறதா, சோப்பும் அரிசியும் ஒரே தட்டிலா, காலாவதிச் சரக்கைத் தனியே வைத்து எழுதி ஒட்டியிருக்கிறோமா என்று கேட்டார். இதற்கென்றே ஒரு கீழ்த்தட்டை ஒதுக்கி "விற்பனைக்கு அல்ல" என்று எழுதிவைத்துவிடுங்கள். பதினாலு இலக்கப் பதிவு எண் கடையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

11. துடைக்கும் முறை

தினமும் கடை மூடும் முன் எண்ணெய்த் தட்டும் பால் பக்கமும். வாரம் ஒருநாள் இரண்டு ராக், முழுக்கக் காலி செய்து. எட்டு ராக்குக்கு ஒரு மாதத்தில் சுற்று வந்துவிடும். சரக்கைத் திரும்ப அடுக்கும்போது காலாவதித் தேதி முந்தையது முன்னால்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு, மெல்லிய துணி, பிறகு வெறும் தண்ணீர்த் துணி, கடைசியில் உலர்ந்த துணி. உலர்த்தாமல் விட்டால் செய்ததெல்லாம் வீண். ஸ்டீல் நார் போடாதீர்கள். அதன் துணுக்குகள் ஸ்டெயின்லெஸ் தட்டில் சிக்கித் துருப் புள்ளியாகும். பிளீச்சிங் பவுடர், கழிவறை ஆசிட் இரண்டும் ராக் பக்கமே வரக்கூடாது. வெள்ளத்துக்குப் பிறகு தரைக்குப் பிளீச்சிங் போட நேர்ந்தால் ராக்கின் கால்களை நல்ல தண்ணீரால் உடனே கழுவிவிடுங்கள். பிளீச்சிங் மூட்டையை ஸ்டெயின்லெஸ் ராக் இருக்கும் அறையில் வைக்காதீர்கள், அதன் காற்றே அரிக்கும்.

தட்டில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கத்தை விடுங்கள். எங்கள் அம்மா கேட்கவே மாட்டார்கள், புதுத் தட்டு கெட்டுப்போகும் என்று விரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் அவர்கள் கையாலேயே தாளைத் தூக்கச் சொன்னேன். அடியில் ஈரம், நாலு கரப்பான் முட்டைக் கூடு. அதோடு நிறுத்திவிட்டார்கள்.

செப்டம்பர் கடைசி வாரம் ஒருமுறை கீழ்த்தட்டு எல்லாவற்றையும் கழற்றிக் காலடிப் புஷ்களைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஒன்று பதினைந்து ரூபாய்தான். கீறல் விழுந்த இடத்தில் உப்புத்தாள் தேய்த்து டச்-அப் பெயிண்ட் வையுங்கள். சிலிகான் எங்காவது விட்டிருந்தால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடையுங்கள், பழையதின் மேல் பூசினால் ஒட்டாது. புயல் எச்சரிக்கை வந்த அன்று கீழ்த்தட்டுச் சரக்கை மேலே ஏற்றிவிட்டு, தட்டுகளைக் கழற்றி மேல்தட்டில் போட்டுவிட்டுக் கடையைச் சாத்துங்கள். எங்கள் எட்டு ராக்குக்கு இரண்டு பேர் சேர்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகிறது.